சம்மட்டி பிடித்த கை

அத்தியாயம் 9

பத்தொன்பது விநாடி மட்டுமே ஓடும் அந்த வீடியோவை பெலிக்ஸ் மறுபடியும் போட்டபோது, அன்புமொழி கையை நீட்டி போனைப் பிடுங்கித் தன் மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ரோட்டப் பாத்து ஓட்டுங்கண்ணே. சாகுறதா இருந்தா வேற நல்ல காரணத்துக்குச் சாவோம்.”

“டவுன்பஸ்ல இருபத்தாறு வருசம் கண்டக்டர் மேடம் நான். எங்க டிரைவரு தூங்கிக்கிட்டே ஓட்டுவாரு. நான் முழிச்சுக்கிட்டு ஓட்டுறேன். அதுக்கே நீங்க சந்தோசப்படணும்.”

பெலிக்ஸுக்கு ஐம்பத்தேழு வயது. அன்புமொழியைவிடப் பதினாலு வயது மூத்தவர். ஆனாலும் அவள்தான் மேடம், அவர்தான் அசிஸ்டென்ட். புதுக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை மாடியில் அவள் துப்பறியும் ஆபீஸ் திறந்த ஒன்பது வருஷமாக இப்படித்தான் போகிறது. அதற்கு முன்னால் அவள் போலீஸில் ஏட்டு. அதற்கும் முன்னால், ஜல்லி உடைத்துத் தலையில் சுமந்த ஒருத்தியின் மகள்.

பின்சீட்டில் இசைவாணி இருந்தாள். இலுப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இருபத்தெட்டு வயது. காரில் ஏறியதிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வீடியோ அவள் கண்டுபிடித்ததுதான். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட். ஆளுயர ஐஸ் கட்டி ஒன்று தரையில் கிடக்கிறது. லுங்கி கட்டிய கிழவர் கடப்பாரை முனையால் ஒரே கோட்டில் ஐந்து பொத்தல் போடுகிறார். குனிந்து காதை வைத்துத் தட்டிக் கேட்கிறார். நிமிர்ந்து, “ஒதுங்கு... ஒதுங்கு... ஒதூங்கு!” என்று கத்துகிறார். சம்மட்டி இறங்குகிறது. ஒரே அடி. கட்டி பனங்கிழங்கு மாதிரி ரெண்டாகப் பிளந்து விழுகிறது. எவனோ அதற்குக் குத்துப்பாட்டு போட்டு, ‘ஒரே அடி தாத்தா’ என்று பெயர் வைத்து இணையத்தில் இறக்கிவிட்டிருந்தான்.

“கல்லு ஒடைக்கிற முறை அது மேடம்,” என்று இசைவாணி முதல் நாளே சொல்லியிருந்தாள். “வேற குவாரியில வெடி வைக்கிறப்ப விசில் ஊதுவாங்க, செவப்புத் துணி காட்டுவாங்க. எங்க நரிப்பாறையில மட்டுந்தான் மூணு தடவை ஒதுங்குன்னு சொல்லி, கடைசிய இழுப்பாங்க. எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாரு. எனக்கு அந்தக் குரல் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு.”

அப்பா ஆவுடையப்பன். நரிப்பாறை குவாரியில் உளி பிடிக்கிறவர். 2003 ஐப்பசியில் ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. எவளோடோ திருப்பூர் பக்கம் ஓடிவிட்டார் என்று ஊர் சொன்னது. அம்மா உண்ணாமலை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. ஓடிப்போனவன் மகள் என்று இசைவாணிக்கு இதுவரை இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

“உசுரோட இருந்தா, எங்கம்மாவ ஏன் விட்டுட்டுப் போனீங்கன்னு ஒரே ஒரு கேள்வி. செத்திருந்தா எங்க பொதைச்சாங்கன்னு தெரியணும். ரெண்டுல ஒண்ணு. அது போதும் எனக்கு.”

“அடையாளம் ஏதாச்சும்?” என்று அன்புமொழி அன்று கேட்டிருந்தாள்.

“இடது கைக் கட்டைவிரல் நசுங்கி தட்டையா இருக்கும். ஆள்காட்டி விரல்ல நகமே கெடையாது. எனக்குச் சோறு ஊட்டுறப்ப அந்தக் கையாலதான் தட்டப் புடிச்சுக்குவாரு.”

ஜெகதாப்பட்டினம் வந்துவிட்டது. டீசலும் மீனும் கலந்த வாடை காருக்குள் ஏறியது. கரையில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. அந்த வாரம் போன படகில் ஒன்று திரும்பவில்லை. எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் மீன்துறை ஆபீஸ் வாசலில், யாரைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“நீ டீக்கடையில இரு,” என்றாள் அன்புமொழி இசைவாணியிடம். “மொதல்ல நான் பாத்துட்டு வாரேன்.”

“அவருதான்னா உடனே கூப்பிடுங்க மேடம்.”

“கூப்பிடுறேன்.”

ஐஸ் பிளான்ட் மேனேஜர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். பெலிக்ஸ் முந்திக்கொண்டார்.

“ஐஸ் கட்டி வேணுங்க.”

“இது மீனுக்குப் போடுற ஐஸுங்க. ஜூஸுக்கெல்லாம் ஆகாது.”

“ஜூஸுக்கில்லைங்க. எங்க பெரியப்பாவுக்கு.”

“எறந்துட்டாரா?”

“இன்னும் இல்ல. ஐஸ் எங்கிட்டுக் கெடைக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா அவருக்கும் ஒரு தெம்பா இருக்கும்ல?”

மேனேஜர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டிருந்த இடைவெளியில் அன்புமொழி உள்ளே நடந்துவிட்டாள்.

ஐஸ் நொறுக்கும் கிரஷர் மிஷின் ரிப்பேரில் கிடந்தது. கிழவர் தனியாக உடைத்துக்கொண்டிருந்தார். எழுபதை ஒட்டிய வயது. விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் தோள் மட்டும் இன்னும் வாலிபத்தில் இருந்தது. ரெண்டு அடிக்கு ஒரு தரம் இருமினார். பேர் ராக்கன் என்றும், பதினேழு வருஷமாக இங்கேயே தங்கியிருக்கிறார் என்றும், அதிகம் வாய் திறக்காத மனுஷன் என்றும் மேனேஜர் பின்னாலிருந்து சொன்னார்.

அன்புமொழி கையைப் பார்த்தாள். இடது கை. கட்டைவிரல் உருண்டையாக இருந்தது. ஆள்காட்டி விரலில் நகம் இருந்தது. எல்லா விரலிலும் இருந்தது.

“பத்து நகமும் இருக்கு மேடம்,” என்றார் பெலிக்ஸ் மெதுவாக. “நூறு கிலோமீட்டர் வந்தது மீன் வாங்கத்தான் போல. வஞ்சிரம் பாப்பமா?”

அவள் கிழவரின் தலைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையிலிருந்து கடற்கரை வரைக்கும் ஒரு வாரமாக எல்லாச் சுவரிலும் இருக்கிற போஸ்டர்தான். சிவப்பு மையில் பெரிய எழுத்து: ‘தோழர் மலையாண்டி. 22ஆம் ஆண்டு வீரவணக்கம்.’

மலையாண்டியைத் தெரியாதவர்கள் அந்த ஜில்லாவில் கம்மி. அவரும் நரிப்பாறை ஆள்தான். கொத்தடிமையாகக் கிடந்த குவாரிக் குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு முதலில் மனுக் கொடுத்தார். பிறகு மறியல் பண்ணினார். பிறகு குவாரி வெடிமருந்தையே தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் ‘உழைப்பாளர் செம்படை’ என்று ஆரம்பித்தார். ஒரு குவாரி முதலாளியும் ரெண்டு போலீஸ்காரர்களும் செத்தார்கள். எந்தப் பாவமும் அறியாத ஒரு லாரி கிளீனரும் செத்தான். 2003 ஐப்பசியில் போலீஸ் சுட்டதில் மலையாண்டி முகம் சிதைந்து போய்ச் சேர்ந்தார். உயிரோடு எடுத்த படமும் கிடையாது என்பதால், பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த கையை மட்டும் போஸ்டரில் போட்டார்கள். போர்வைக்கு வெளியே நீண்டு கிடக்கும் ஒரு இடது கை. கீழே, ‘உழைத்த கை ஓயாது.’ வருஷா வருஷம் அதே கை.

“பெலிக்ஸண்ணே, மலையாண்டி குவாரியில என்ன வேலை பாத்தாரு?”

“சம்மட்டி அடிச்சாரு. அவர் அடிக்கிற சத்தம் சித்தன்னவாசல் வரைக்கும் கேக்கும்னு மேடைக்கு மேடை பேசுவாய்ங்களே. அங்க கல்லுப் படுக்கையில தூங்குற சமணர் முழிச்சுக்கிட்டாரான்னுதான் யாரும் சொல்லல.”

“அந்தக் கைய நல்லாப் பாருங்க.”

பெலிக்ஸ் பார்த்தார். மையில் ஊறிப்போன படம். ஆனால் தெரிந்தது. கட்டைவிரல் தட்டையாக நசுங்கியிருந்தது. ஆள்காட்டி விரலில் நகமில்லை.

“கல்லுல குழி போட ரெண்டு பேர் வேணும்ணே. ஒருத்தர் உளியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. இன்னொருத்தர் நின்னு சம்மட்டி அடிப்பாரு. அடி தவறுனா நசுங்குறது உளி புடிச்சவர் விரலு. எங்காத்தா வேலை பாத்த குவாரியில கையப் பாத்தே யாரு எந்த வேலைன்னு நான் சொல்லிருவேன். இது உளி புடிச்ச கை.”

“அப்ப போஸ்டர்ல இருக்கிறது...” என்று ஆரம்பித்த பெலிக்ஸ், வாயைத் திறந்தபடியே நிறுத்திக்கொண்டார்.

“சத்தம் போடாதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கணும்.”

அவள் நேராகக் கிழவரிடம் போனாள். சுவரோரம் சாய்த்திருந்த கடப்பாரையை எடுத்து ஐஸ் கட்டிமேல் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டாள். சில்லு தெறித்தால் கண்ணில் படாமல் இருக்க உளி பிடிக்கிறவர்கள் திருப்புகிற மாதிரி.

கிழவர் யோசிக்காமல் சம்மட்டியைத் தூக்கிக் கடப்பாரையின் தலையில் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டு தட்டினார். ‘அடிக்கப் போகிறேன், விரலைப் பாத்துக்க’ என்று அர்த்தம். அப்புறம் அடித்தார். அடித்துவிட்டுக் காத்திருந்தார். அன்புமொழி கடப்பாரையைக் கால் சுற்றுத் திருப்பினாள். மறுபடி தட்டு, மறுபடி அடி. அவள் திருப்பினாள். மூன்றாவது தடவை சம்மட்டி தலைக்கு மேலே போனது, கீழே வரவில்லை.

கிழவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“போலீசா?”

“முன்னாடி. இப்ப இல்ல.”

“பின்ன யாரு?”

“கல்லு ஒடைச்சவ மக. ஆவுடையப்பன் மகளுக்காக வந்திருக்கேங்க.”

சம்மட்டியை மெதுவாக இறக்கி வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் கேன்மேல் உட்கார்ந்தார். இருமல் வந்தது; அடங்க நேரம் பிடித்தது. கல்தூசி தின்ற நெஞ்சு.

“இசைவாணியா? அந்தப் பேரு நான் வச்சது,” என்றார் மலையாண்டி.

பெலிக்ஸ் போய்க் கதவோரம் மேனேஜரைப் பேச்சில் மடக்கிக்கொண்டு நின்றார். செத்த பெரியப்பாக்களை எத்தனை நாள் வரைக்கும் ஐஸில் வைக்கலாம் என்ற விசாரணை.

“அப்ப மூணு மாசமா நரிப்பாறையில போலீஸ் முகாம்,” என்று ஆரம்பித்தார் மலையாண்டி. “ எனக்கு அரிசி கொண்டாந்து குடுக்க ஆளில்ல. ஆவுடையப்பன் வந்தான். கட்சி, கொள்கை ஒண்ணும் தெரியாதும்மா அவனுக்கு. நான் அடிப்பேன், அவன் புடிப்பான், அம்புட்டுதான். பதினோரு வருசம். அன்னிக்கி மழை. தொப்பலா நனைஞ்சு வந்து நடுங்கிக்கிட்டு நின்னான். என் சட்டையக் கழட்டிக் குடுத்தேன். நான் தண்ணி மோந்துக்கிட்டு வர பள்ளத்துல எறங்குனேன். வெடிச்சத்தம் கேட்டுச்சு. சட்டையப் பாத்து சுட்டாய்ங்க.”

“ஊர்ல கூப்பிட்டு அடையாளம் கேட்டிருப்பாங்களே?”

“கேட்டாங்க. போலீசுக்கும் அது நானா இருக்க வேண்டியிருந்துச்சு. ஊரு ஆமான்னுருச்சு. அந்த விரலப் பாத்த ஒருத்தருக்குக்கூடவா தெரியாது? அத்தன பேருக்கும் தெரியும்.” அவர் தலையை நிமிர்த்தி போஸ்டரைப் பார்த்தார். “அந்த விரல நசுக்குனதே நான்தாம்மா. ஒருநாள் அடி தவறிருச்சு. வருசா வருசம் என் தப்ப அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டுறாய்ங்க. கீழ என் பேரப் போட்டு.”

“நீங்க ஏன் வெளிய வரல?”

“வந்தேன். ரெண்டு வருசங்கழிச்சு ஸ்டேஷன் வாசப்படி வரைக்கும் வந்தேன். சென்ட்ரி என்னைப் பாத்து, ‘யாருய்யா, என்ன வேணும்’னு கேட்டான். மலையாண்டின்னு சொல்லணும். சொன்னா, இது மலையாண்டிதான்னு கைநாட்டு வச்சவங்க அத்தன பேரையும் தூக்கிருவான். தண்ணி குடிக்க வந்தேன்னு சொன்னேன். குடுத்தான். குடிச்சிட்டுத் திரும்பிட்டேன்.”

அன்புமொழி இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மனுப் போட்டு, மலையாண்டி பேரில் இருக்கிற சமாதியைத் தோண்டலாம். எலும்பைச் சோதனைக்கு அனுப்பலாம். ஆவுடையப்பன் என்று நிரூபணமாகும். அன்றைக்கே பொய் அடையாளம் சொன்னவர்களின் பட்டியலும் வெளியே வரும். கேஸ் பழசு, காலம் போச்சு என்று வக்கீல் வாதாடலாம். அதுவரைக்கும் கிழடுகட்டைகள் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். ஏட்டாக இருந்த காலத்தில் அந்த வாசலில் நின்றவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவளே நிற்க வைத்திருக்கிறாள்.

“மொதல்ல அடையாளம் சொன்னது யாருங்க?”

கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“நீங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்ல? அத மட்டும் கேக்காதீங்கம்மா. நான் காட்டுல இருந்தப்ப எம் பேச்சக் கேட்டு பதினெட்டு பேரு துப்பாக்கியத் தூக்குனாய்ங்க. இன்னிக்கி ஒரே ஒருத்தர்கிட்ட கெஞ்சிக் கேக்குறேன். அந்தப் புள்ளைகிட்ட நான் இருக்கேன்னும் சொல்லாதீங்க. அவ மொகத்துல முழிக்கிற தைரியம் எனக்கில்ல.”

“அது முடியாதுங்க. அவகிட்ட பொய் சொல்ல நான் வரல.”

அவர் தலையாட்டினார். எழுந்து சம்மட்டியை எடுத்துக்கொண்டார். படகுக்கு ஐஸ் ஏற்ற வேண்டுமே.

இரண்டு பேரும் வெளியே வந்து டீக்கடைக்கு நடந்தார்கள்.

இசைவாணி டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்தாள். கையில் வாங்கிய டீ அப்படியே ஆடை கட்டியிருந்தது.

“அப்பாவா?”

“இல்லம்மா.” அன்புமொழி அவளை உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெரியாது. “உங்கப்பா யாரு கூடயும் ஓடலை. செத்துட்டாரு. நீ ஆறு வயசா இருந்தப்பவே. ஊருக்கு வெளிய மலையாண்டி சமாதின்னு ஒண்ணு இருக்குல்ல, செங்கொடி நட்டு? அதுல இருக்கிறது உங்கப்பா. மலையாண்டின்னு ஊரே அடையாளம் சொல்லிருச்சு.”

டீக்கடைச் சுவரிலும் அதே போஸ்டர் இருந்தது. இவ்வளவு நேரமும் இசைவாணி அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். அன்புமொழி விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளே திரும்பினாள். கிட்டப் போனாள். கட்டைவிரல் இருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் ஒட்டியிருப்பாங்க மேடம். ஒருநாள்கூட நின்னு பாத்ததில்ல.”

“யாருக்கும் தோணியிருக்காதும்மா.”

“அந்த ஐஸ்காரரு?”

“அவர்தான் மலையாண்டி.”

இசைவாணி ஐஸ் பிளான்ட் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். போகவில்லை.

“ஊர்ல ஒருத்தர் வாயத் தொறக்கலையே மேடம். எத்தன பேருக்கு நான் ஓடி ஓடி ரத்தம் எடுத்திருக்கேன். எங்கம்மா இருபத்திரண்டு வருசமா அவர் வருவாருன்னு பொட்டு வச்சுக்கிட்டு இருக்கு. அதுக்கிட்டயாவது ஒருத்தன் சொல்லியிருக்கலாம்ல?” அவள் போனை எடுத்தாள். “நான் சொல்லப் போறேன்.”

அன்புமொழிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ‘அத மட்டும் கேக்காதீங்கம்மா’ என்றாரே கிழவர். தடுக்கலாம் என்று கையைத் தூக்கினாள். மணி அடித்துவிட்டது. மீன் வண்டிகளின் இரைச்சலில் காது கேட்காமல் இசைவாணி ஸ்பீக்கரைப் போட்டாள்.

“அம்மா.”

“சொல்லு. வேலைக்குப் போகலையா?” உண்ணாமலையின் குரல்.

“நான் ஜெகதாப்பட்டினத்துல இருக்கேன்மா.”

லைன் அறுந்துவிட்டதோ என்று இசைவாணி போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கு?” என்றாள் உண்ணாமலை. “கருவாட்டுக்காரிகிட்ட மருந்து குடுத்துவிட்டேனே, சேந்துச்சாமா?”

இசைவாணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா... அடையாளம் சொன்னது நீயா?”

“மலையாண்டி எங்கன்னு கேட்டு ஊரு ஆம்பளைக முப்பத்தொரு பேரப் போலீசு உள்ள போட்டிருந்துச்சு. ஒன் மாமனுக்கு ரெண்டு காலும் வீங்கி எந்திரிக்க முடியல. சுட்ட ஒடம்ப லாரிக்கு எட போடுற ஷெட்டுல கெடத்தியிருந்தாங்க. போர்வைக்கு வெளிய கை இருந்துச்சு. நம்மாளு கை. மொத ஆளா என்னையத்தான் கூப்பிட்டாங்க. இது மலையாண்டின்னேன். எனக்குப் பின்னாடி வந்தவுக எல்லாரும் அதையே சொன்னாங்க. மறுநா அத்தன பேரும் வீட்டுக்கு வந்துட்டாங்க.”

“நீ அழக்கூட இல்லையாம்மா?”

“ஊர்க்காரன் ஒருத்தன் செத்தா எம்புட்டு அழுவாங்களோ, அம்புட்டுதான் அழலாம். இன்ஸ்பெக்டரு என் மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு.”

“ஓடிப்போயிட்டாருன்னு ஊர்ல யாரு கட்டிவிட்டது?”

“நான்தான். ஆள எங்கன்னு கேப்பாங்கள்ல?”

“எனக்கு? எனக்கு ஏம்மா சொல்லல?”

“ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லிருவ.”

“அதுக்கப்புறம்?”

உண்ணாமலை யோசிப்பது மூச்சுச் சத்தத்தில் தெரிந்தது. பெலிக்ஸ் எழுந்து காரின் பின்பக்கம் போய், கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டார். அன்புமொழிக்குத் துப்பறிய இனி ஒன்றும் பாக்கியில்லை. தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க ஒரு இடமும் இல்லை.

“இசை,” என்றாள் உண்ணாமலை. “ஞாயித்துக்கிழம அறந்தாங்கியிலேர்ந்து பொண்ணு பாக்க வாராக. அப்பா எங்கன்னு கேப்பாக.”

“ம்.”

“என்ன சொல்லுவ?”

மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும் வரைக்கும் இசைவாணி காத்திருந்தாள்.

“ஓடிப்போயிட்டாருன்னு சொல்லுறேம்மா.”